ஐந்து பெடலும் ஒரு சிவப்பு டப்பாவும்

மேடையில் பாடகி மதி கண்ணை மூடிக்கொண்டு, காதலனை நினைத்து எங்கே இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று உருகிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டு முடித்ததும் நாலு வரிக்குக் கிட்டார் மட்டும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். அது ஜெயவேலின் இடம். அவர் கிட்டாரைச் சற்றே தூக்கிப் பிடித்து, வலது காலால் மஞ்சள் பெடலை மிதித்தார். ஸ்பீக்கரிலிருந்து கிட்டார் வரவில்லை. கரகரத்த ஆண் குரல் ஒன்று வந்தது.

"தேவகிருபை, தேவகிருபை. நான் எண்ணூராண்ட கீறேன். வலை அறுந்துட்சி. ஐஸும் காலி. ஓவர்."

மண்டபம் முழுக்கக் கையிலிருந்த ஐஸ்கிரீமை மறந்து மேடையைப் பார்த்தது. மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். விடிந்தால் தாலி கட்டப்போகிற வீட்டில் அறுந்துபோச்சு என்று மைக் போட்டுச் சொல்கிறீர்களே, இது கல்யாண வீடா, இல்லை வேறு வீடா என்று அவர் கேட்டார். குழுவின் முதலாளி பக்ருதீன் பாய் மேடையிலிருந்து இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசவேண்டியிருந்தது.

மண்டபம் ராயபுரத்தில் இருந்தது. பின்பக்கச் சுவரைத் தாண்டினால் மீன்பிடித் துறைமுகம். அங்கே விசைப்படகு ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் வயர்லெஸ் உண்டு. தேவகிருபை என்பது அதில் ஒரு போட்டின் பெயர். ஜெயவேலின் காலடியில் இருந்த ஐந்து பெடல்களில் மஞ்சள்தான் மூத்தது. கிட்டார் ஒலியில் கரகரப்பை ஏற்றுவது அதன் வேலை. வயசாக வயசாக, கடலில் பேசுகிற பேச்சையும் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பப் பழகிக்கொண்டுவிட்டது.

ஜெயவேல் பகலில் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். மாலையானால் வண்ணாரப்பேட்டை பக்ருதீன் பாயின் தோஸ்து என்கிற மெல்லிசைக் குழுவில் கிட்டார். யார்டிலும் காலால் மிதிக்கிற வேலை, மேடையிலும் காலால் மிதிக்கிற வேலை. "நம்ம சவுண்டு கையில இல்ல மாமு, கால்ல கீது" என்று அவர் யாரிடமாவது சொல்லாத நாள் கிடையாது. கப்பலில் வந்த மரப்பெட்டியை உடைத்துப் பலகை எடுத்து, அதில் ஐந்து பெடல்களையும் வரிசையாகத் திருகி வைத்திருந்தார். ஆட்டுக்கல் கனம் கனக்கும். வேறு யாரையும் தூக்க விடமாட்டார்.

அன்றைக்குப் பந்தியில், பிரியாணி இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே பாய் பேச்சை எடுத்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் குப்பத்தில் ஆடித் திருவிழாக் கச்சேரி. அதைக் கேட்பதற்கென்றே சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆள் வருகிறார். அருள்பிரகாசம் என்று பெயர். பிடித்திருந்தால் பொங்கலுக்குக் குழுவை அங்கே கூட்டிப்போவார். பாட்டுக்கு ரெண்டு பேர், கீபோர்டு, டிரம்ஸ், தபேலா எல்லாம் முடிவாகிவிட்டது. மிமிக்ரிக்காரனும் டிவிக்குப் போய்விட்டான், அந்த இடம் காலியாகக் கிடக்கிறது, அதற்கும் ஆள் பிடிக்க வேண்டும். தலைவலி அது இல்லை. தலைவலி கிட்டார்.

"கிட்டாருக்கு நீயும் தப்ரேஸும் ரெண்டு பேரு கீறீங்க. சீட்டு ஒண்ணுதான்" என்றார் பாய். "ஞாயித்துக்கிழம ஆளுக்கு ரெண்டு ரெண்டு பாட்டு வாசிங்க. அவரே பாத்து எட்த்துகினு போவட்டும். ஆனா ஜெயவேலு, அன்னிக்கும் மீனு பேச்சு கேட்டுச்சுன்னா, நானே உன் பேரை அடிச்சிருவேன்."

ஜெயவேல் கறித்துண்டை நிதானமாக மென்று முடித்தார். "பாய், பாஸ்போர்ட்டு எடுத்து ரெடியா வச்சுகினு கீறேன்" என்றார்.

அதில் பொய் இல்லை. பாஸ்போர்ட் வாங்கி இரண்டு வருஷமாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் யார்டில் சிங்கப்பூர் சிங்கப்பூர் என்று எழுதிய பெட்டிகளில் சரக்கை ஏற்றிக்கொண்டிருக்கிறார். வெங்காயம் போகிறது, முருங்கைக்காய் போகிறது, மாவு அரைக்கிற கிரைண்டர் போகிறது. ஒவ்வொரு தடவையும் பெட்டிக் கதவைச் சாத்தும்போது நெஞ்சுக்குள் ஒரு பொறாமை எழும். முருங்கைக்காய்க்குக் கிடைக்கிற யோகம்கூட நமக்கு இல்லையே என்று நினைத்துக்கொள்வார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவர் இருக்கிற பிளாக் முழுக்க இந்தத் தடவை அவர் போவது நிச்சயம் என்று, சிங்கப்பூர் பேச்சு குழுவில் முதலில் அடிபட்டபோதே சொல்லியாகிவிட்டது. மேல் வீட்டுக்காரம்மா தலைவலித் தைலத்துக்குச் சொல்லி வைத்திருந்தாள். கீழ் வீட்டுக்காரர் குடை கேட்டிருந்தார்.

தப்ரேஸ் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு சின்னவன். தண்டையார்பேட்டைப் பையன். அதிர்ந்து பேசமாட்டான். அவனிடம் பெடல் ஒன்றுகூடக் கிடையாது. முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்த ஒரு சிவப்பு டப்பாதான். அதற்கு மாடலர் என்று பெயர் சொன்னான். உலகத்தில் பேர்போன ஆம்ப்ளிஃபயர்களெல்லாம் எப்படிச் சத்தம் போடும் என்பதை அது உள்ளுக்குள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும். குமிழைத் திருகினால் ஒவ்வொன்றின் குரலிலும் பேசும். எதிரொலி வேண்டுமா, கரகரப்பு வேண்டுமா, எல்லாம் அதே டப்பாவுக்குள். முக்கியமாக, அதில் மீன்காரர்கள் யாரும் பேசுவதில்லை.

"நீங்களும் ஒண்ணு வாங்கிடுங்கண்ணா" என்று தப்ரேஸ் நல்ல மனசோடுதான் சொன்னான். "தூக்கிகினு போறதுக்கும் லேசு."

ஜெயவேல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அது இன்னாடா பண்ணுது? இன்னொருத்தன் கொரல்ல பேசுது. அதுக்குப் பேரு கிட்டாரு இல்ல, மிமிக்ரி. நான் கலைஞன்டா. மிமிக்ரி பண்றவன் கூடல்லாம் என்னைச் சேக்காத."

தப்ரேஸ் தயிர்ப்பச்சடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மறுநாள் ஜெயவேல் மஞ்சள் பெடலைத் தூக்கிக்கொண்டு ராயபுரத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பர் சௌக்கத் அலியிடம் போனார். சௌக்கத் அலி அதைத் திறந்து பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். தகரத்தில் சரியான கவசம் அடித்து, எர்த் கொடுத்தால் வயர்லெஸ் வராது, ஒரு வாரம் விட்டுவிட்டுப் போ என்றார். ஒரு வாரம் எங்கே இருக்கிறது? கவசம்தானே, எர்த்துதானே, யார்டில் இருபது டன் சரக்கை நகர்த்துகிற எனக்கு இது ஒரு வேலையா என்று கேட்டுவிட்டு ஜெயவேல் பெடலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வருகிற வழியில் பிரியாணிக் கடையில் பார்சல் கட்டுகிற வெள்ளித்தாளில் ஒரு சுருளும் வாங்கிக்கொண்டார்.

ஐந்து பெடல்களுக்கும் வெள்ளித்தாள் சுற்றியாயிற்று. எர்த்துக்கு ஒரு நீள ஒயரை எடுத்து, வராண்டாவில் நிற்கிற தண்ணீர்க் குழாயில் இறுக்கிக் கட்டினார். இரும்புக் குழாய், மண்ணுக்குள் இறங்குகிறது, இதைவிட எர்த்து எங்கே கிடைக்கும்? மனைவி அன்புக்கரசி அப்போதுதான் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை வேலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்து, இப்போது பார் என்று மஞ்சளை மிதித்தார்.

"தேவகிருபை, இன்னா சத்தத்தையே காணோம். சோறு துண்ணியா?"

வியாசர்பாடியிலிருந்து கடல் எங்கே கிடக்கிறது! அதுவரை அந்த வீட்டில் ஒருநாளும் வராத குரல் அது. மண்ணுக்குள் இறங்குகிற குழாய் மொட்டைமாடித் தொட்டி வரைக்கும் ஏறவும் செய்கிறது என்பதை ஜெயவேல் யோசிக்கவில்லை. பெடலுக்குத் தன் கையாலேயே மூன்று மாடி உயர ஏரியல் கட்டிக்கொடுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வானொலியில் உரம் போடுகிற விதம் பற்றிய பேச்சும் சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பூவம்மா குடத்தோடு வந்து, குழாயில் ஆம்பிளை யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று சந்தேகமாக எட்டிப் பார்த்தாள்.

"அந்த மஞ்சளு ஒண்ணை மட்டும் கழட்டி வச்சுட்டு வாசியேன்யா" என்றாள் அன்புக்கரசி. "மீதி நாலும் நல்லாத்தானே கீது."

"மொளகா போடாம கொழம்பு வைப்பியா நீ?"

"கொழம்புக்குள்ள ஒருத்தன் ஒக்காந்து பேசிகினு கீறான்னா, மொளகா போடாமதான் வைப்பேன்."

நியாயமான யோசனை. ஊரில் வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். ஆனால் மஞ்சள் பெடல் ஜெயவேல் முதல்முதலாக வாங்கியது. அதை மிதிக்காமல் வாசித்தால் இடது கால் செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும் அவருக்கு. அதை எடுக்கமுடியாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். பிறகு ராத்திரிச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சிவப்பு டப்பாவை ஒரு தடவை தொட்டுப் பார்த்தால்தான் என்ன என்றார். அன்புக்கரசி சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

மறுபடியும் சௌக்கத் அலி கடை. கப்பல்காரன் ஒருத்தன் விற்றுவிட்டுப் போன மாடலர் ஒன்று அவரிடம் தூசு படிந்து கிடந்தது. அதே சிவப்பு, அதே முந்திரிப்பருப்பு. இரவல் தருகிறேன், ஆனால் இது அமெரிக்கா கரண்டுக்குச் செய்தது, நம் ஊர் கரண்டை நேராகக் கொடுத்தால் புகைந்துவிடும் என்று சொல்லி, கரண்டைக் குறைத்துத் தருகிற இரும்புப் பெட்டி ஒன்றையும் கூடவே கொடுத்தார். தூக்கிக்கொண்டு போக லேசு என்று தப்ரேஸ் சொன்னானே, அந்த லேசு இதில் இல்லை.

"மாமு, நான் இத்த எட்த்துகினு போனது தப்ரேஸுக்குத் தெரியக் கூடாது" என்றார் ஜெயவேல்.

"உனக்கே ஒண்ணும் புரியாமதான் இத்த வாசிக்கப் போற, அவனுக்கு எங்கேந்து தெரியும்" என்றார் சௌக்கத் அலி.

வீட்டில் டப்பாவை ஸ்டூலில் வைத்து ஜெயவேல் குமிழைத் திருகினார். அப்படி ஒரு ஒலி அந்த ஒண்டி அறைக்குள் இதுவரை கேட்டதில்லை. ஒரு திருகில் கோயில் மண்டபத்துக்குள் வாசிப்பது போல, அடுத்த திருகில் ஸ்டேடியத்தில் வாசிப்பது போல. மனசுக்குள் தப்ரேஸிடம் ஒரு மன்னிப்புகூடக் கேட்டுக்கொண்டார். வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அவர்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. டப்பாவைக் கையால் திருக வேண்டும். ரெண்டு கையும் கிட்டாரில் இருக்கும்போது மூன்றாவது கைக்கு எங்கே போவது? தப்ரேஸ் பாட்டுக்குப் பாட்டு திருகி வைத்துக்கொண்டு, நடுவில் தொடாமலே சமாளிக்கிறவன். ஜெயவேல் வரிக்கு வரி ஒலியை மாற்றி வாசித்துப் பழகியவர். இடம் வந்ததும் வலது கால் தன்னால் எழுந்து தரையை ஓங்கி மிதித்தது. தரையில் பெடல் ஏது? கீழ் வீட்டுக்காரர் மூன்று தடவை பொறுத்துப் பார்த்துவிட்டு மேலே வந்து, குடை வேண்டாம், தூங்கவிட்டால் போதும் என்றார்.

டப்பாவைத் தரையில் இறக்கிவைத்து, கால் கட்டைவிரலால் குமிழைத் திருகிப் பார்த்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கட்டைவிரல். முரட்டு விரல். ஒரு சுற்று திருகினால் மூன்று சுற்று போயிற்று. தாலாட்டு வாசிக்க ஆரம்பித்தால் இடி இடித்தது.

இன்னொருவராக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் கலங்கியிருப்பார். ஜெயவேலுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. சனிக்கிழமை யார்டில் சரக்கை அடுக்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வண்டியை நிறுத்தினார். டப்பாவா பெடலா என்று ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? ரெண்டையும் சேர்த்துக் கட்டினால்? மாற்றுவதற்குக் கால், ஒலிக்கு டப்பா. தப்ரேஸிடம் ஒன்று இருக்கிறது, தன்னிடம் ரெண்டும். அந்த யோசனை வந்த சந்தோஷத்தில் சிங்கப்பூர் பெட்டியின் கதவைத் தட்டி, "வரேன் இரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை திருவொற்றியூர் குப்பம். அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்த அண்டாக்கள் தெருவோரம் கவிழ்த்துக் கிடந்தன. மேடைக்குப் பின்னால் கடல். முன்னால் தெரு நிறையச் சனம். அருள்பிரகாசம் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, கையில் ஒரு சொம்பு கூழ். ரொம்ப நாளைக்கப்புறம் கூழ் குடிக்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அன்புக்கரசியும் வந்து அவருக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தாள்.

ஜெயவேல் ஆட்டோவிலிருந்து இறக்கிய சாமான்களைப் பார்த்து மைக்செட்காரர், கிரைண்டர் கடை போடப்போகிறீர்களா என்று கேட்டார். வெள்ளித்தாள் சுற்றிய பெடல் பலகை, சிவப்பு டப்பா, இரும்புப் பெட்டி. சிவப்பு டப்பாவைப் பார்த்ததும் தப்ரேஸின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. அவன் தன் டப்பாவோடு இன்னொரு பொருளும் கொண்டுவந்திருந்தான். வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போட்டிருந்த ஸ்டெபிலைசர்.

"ஃப்ரிட்ஜு தண்ணி வெக்கவாடா கச்சேரிக்கு வந்த?" என்றார் ஜெயவேல்.

"தெரு லைட்டு கம்பத்துலேந்து கரண்டு எட்த்துகீறாங்கண்ணா. ஏறி எறங்கும். உங்குளுதையும் இதுலயே போட்டுக்கோங்க."

"என் கரண்டை நான் பாத்துக்கறேன்."

தப்ரேஸ் முதலில் இரண்டு பாட்டு வாசித்தான். சுத்தமாக வாசித்தான். சனம் கைதட்டியது, அருள்பிரகாசம் தலையை ஆட்டினார். அடுத்து ஜெயவேல். அம்மன் பாட்டு. மெல்லிசாக, மணி உதிர்கிற மாதிரி ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தார், மணியாகத்தான் வந்தது. சௌக்கத் அலி மட்டும் எதிரில் இருந்திருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து அம்மன் உருவத்தில் கட்டியிருந்த சீரியல் லைட் அலங்காரத்தை யாரோ போட்டார்கள். அம்மன் கையிலிருந்த சூலம் ஓடி ஓடி எரிந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கரண்ட் விழுந்து எழுந்தது. இரும்புப் பெட்டி முனகியது. டப்பா செத்துப் பிழைத்தது. பிழைக்கிறபோதெல்லாம் முதல் ஒலியிலிருந்துதான் ஆரம்பிக்கும், முதல் ஒலியோ ஸ்டேடியம். மணி, இடி, மணி, இடி என்று போயிற்று அம்மன் பாட்டு. முன்வரிசையில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்துவிட்டது. வேப்பிலையோடு நாலு பேர் ஓடிவந்து அவளைப் பிடித்தார்கள். பக்ருதீன் பாய் மேடை ஓரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டு முடிந்ததும் ஜெயவேல் டப்பாவைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். இரும்புப் பெட்டியையும் தள்ளினார். பெடல்களுக்குப் பேட்டரி இருக்கிறது, தெருக் கரண்டை நம்பி அவை பிழைக்கவில்லை. இவ்வளவு காலம் சோறு போட்டது கால்தான், கால்தான் இப்போதும் காப்பாற்றும் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அடுத்த பாட்டு மதியின் காதல் பாட்டு. எங்கே இருக்கிறாய் என்று அவள் கேட்டாள். மஞ்சளை மிதிக்கக் கூடாது என்று ஜெயவேலுக்கு நன்றாகத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை.

"தேவகிருபை, நான் திருவொத்தியூராண்ட வந்துகினு கீறேன்."

சனம் ஒரு கணம் திகைத்தது. பிறகு தெருக்கோடி வரைக்கும் ஓர் இரைச்சல் கிளம்பியது. கடல் பேச்சு அந்தக் குப்பத்துக்கு வீட்டுப் பேச்சு. ஜெயவேல் மஞ்சளை மறுபடி மிதித்து அணைக்கப் பார்த்தார். வெள்ளித்தாள் மடங்கிப்போய்ப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது. மதியோ பாட்டை நிறுத்தத் தெரியாமல் அடுத்த வரிக்குப் போய், எப்போது வருவாய் என்று கேட்டுவிட்டாள்.

"பொழுது சாஞ்சிடும். ஐஸு வண்டியை நிக்க வையி."

விசில் பறந்தது. எனக்கு என்ன கொண்டுவருவாய் என்பது மூன்றாவது வரி. மதிக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு, அந்த வரி பாதிதான் வெளியே வந்தது.

"நெத்திலிதான் கீது. வஞ்சரம்லாம் இன்னிக்கி இல்ல."

தெரு எழுந்து நின்று கத்தியது. அருள்பிரகாசம் கூழ்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஜெயவேலுக்கு அவமானத்தில் காது பற்றி எரிந்தது. பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டு, எல்லாம் திட்டம் போட்டுச் செய்கிற மாதிரி, விரலைக் கம்பிகளில் ஓடவிட்டுக்கொண்டே நின்றார். இருபது வருஷ மேடை அனுபவம். உள்ளே செத்தாலும் வெளியே காட்டமாட்டார். கைதட்டல் வந்ததும் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து ஒரு கும்பிடும் போட்டார்.

ஆனால் கண் கலங்கிவிட்டது. பாய் பேரை அடித்துவிடுவார். திங்கட்கிழமை யார்டுக்குப் போனால் சிங்கப்பூர் பெட்டிகள் அங்கேயே நிற்கும். ஜெயவேல் குனிந்து எல்லா ஒயரையும் பிடுங்கினார். டப்பாவும் வேண்டாம், பெடலும் வேண்டாம் என்று கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகி, பாட்டின் மிச்சத்தை வெறும் விரலால் வாசித்தார். கரகரப்பு இல்லை, எதிரொலி இல்லை. கம்பி என்ன சொன்னதோ அதுதான் வெளியே வந்தது. இவ்வளவு நல்ல கை நமக்கு இருந்ததா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பாட்டு முடிகிற நேரம் அம்மன் ஊர்வலம் தெருமுனையில் திரும்பியது. அம்மன் தாண்டிப் போகிறவரைக்கும் கச்சேரிக்கு ஓய்வு. அருள்பிரகாசம் எழுந்துவந்து பாயை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். பேச்சின் நடுவே ரெண்டு தடவை ஜெயவேல் பக்கம் கையைக் காட்டினார். ஜெயவேல் மேடைக்குப் பின்னால் பெடல் பலகையின் மேலேயே உட்கார்ந்து, தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

பாய் வந்தார். முகத்தில் கோபத்தைக் காணவில்லை. ஏதோ புரியாத கணக்கைக் கேட்டுவிட்டு வருகிறவர் மாதிரி இருந்தார்.

"ஜெயவேலு, பாஸ்போர்ட்டைக் குடு. அவருக்கு நீ கண்டிப்பா வோணுமாம்."

பாய் இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஜெயவேல் விட்டால்தானே? எழுந்து பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்புக்கரசி தெருவிலிருந்து ஓடிவந்தாள். அவளிடம், பார்த்தியா, கடைசியில் வாசித்தேனே அந்த ஒரு வாசிப்பு, ஆளை அப்படியே தூக்கிடுச்சு என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேல் வீட்டுக்காரம்மாவுக்குத் தைலம் மறந்துடாதய்யா என்று மட்டும் சொன்னாள்.

பிறகு ஜெயவேல் தப்ரேஸைப் பார்த்தார். ஸ்டெபிலைசர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஜெயித்தவர்களுக்கு வருகிற தாராள மனசு ஜெயவேலுக்கும் வந்தது. கிட்டப் போய் அவன் தோளில் கை போட்டார்.

"மனசுல வச்சுக்காத தப்ரேஸு. நானும் இந்த ஒரு வாரமா டப்பாவா பெடலானு மண்டையை ஒடச்சுகினு கெடந்தேன். இன்னிக்கித்தான் புரிஞ்சுது. ரெண்டும் வோணாம். வெரலு போதும்." குனிந்து, இதுவரை யாரையும் தூக்கவிடாத பலகையைத் தூக்கினார். மஞ்சள் பெடலைக் கடைசியாக ஒருமுறை தடவிக்கொடுத்தார். "இந்தா, இனிமே இது உன்னுது. சோக்கா வச்சுக்கோ. சிங்கப்பூர்ல எனக்கு இது தேவப்படாது."

"வேணாம்ணா" என்றான் தப்ரேஸ்.

"அண்ணன் குட்த்தா வாங்கிக்கணும்."

தப்ரேஸ் பாயைப் பார்த்தான். பாய் வானத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தப்ரேஸ் பலகையை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அருள்பிரகாசம் கூழ்ச் சொம்போடு அங்கேயே வந்துவிட்டார். ஜெயவேலின் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். விடவே இல்லை. ஜெயவேல் வாழ்க்கையில் முதல்முதலாக அடக்கமாக இருப்பது என்று முடிவுசெய்து, தலையைக் குனிந்துகொண்டு, ஐயாவுக்கு என் வாசிப்பில் எந்த இடம் பிடித்தது என்று கேட்டார்.

"மிமிக்ரி செய்றவங்க எத்தனையோ பேரைப் பாத்துட்டேன் தம்பி, ஆனா பல்லைக் கடிச்சு, உதடே அசையாம அந்தப் போட்டுக்காரர் குரலைக் குடுக்கிற ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன்; அங்க வந்து அதை மட்டும் செஞ்சாப் போதும், கிட்டாரைத் தப்ரேஸ் பாத்துக்கட்டும்."